லேஸ்ல ஒட்டு தெரியாம மூட்டுறது எப்படி

சாரம், அதான் லுங்கி, மூட்டுறத பாத்திருப்பீங்கல்ல, ரெண்டு ஓரத்தையும் கட்டத்துக்குக் கட்டம் சேத்து வச்சு மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டுனா முடிஞ்சுது, இடுப்புல சுத்துன பெறகு அந்த மூட்டு எங்க இருக்குன்னு ஒருத்தரும் தேடப் போறதில்ல. பாபின் லேஸ்ல அந்த வசதியெல்லாம் கிடையாது. லேஸ்ங்கிறதே முக்காவாசி ஓட்டைதான், ஓட்டைக்குப் பின்னால எதைப் போய் ஒளிக்க, ஒரு முடிச்சு தப்பான எடத்துல விழுந்தா முகத்துல பரு மாதிரி அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

நான் சொல்றது நம்ம திருநெல்வேலி இடையன்குடி பக்கத்து லேஸ், தலகாணில டிசைன் ஓட்டை போட்ட அட்டைய வச்சு குண்டூசி குத்தி, நூல் சுத்துன குச்சி, அதான் பாபின், அத மாத்தி மாத்திப் போடுதோம்லா அது. குரோஷா இல்ல. குரோஷா ஊசி இதுல வரும், ஆனா வேற வேலைக்கு வரும், பெறகு சொல்லுதேன். கத தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1819-ல நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டோட வீட்டுக்காரம்மா மார்த்தா மால்ட் அங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் சொல்லிக் குடுத்தாங்க, அவங்க மக எலைசாவ 1844-ல கால்டுவெல் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்குக் கூட்டிட்டு வர, லேஸும் கூடவே தேரிக்காட்டுக்கு வந்து சேந்துட்டு. கால்டுவெல்னா ஊரெல்லாம் ஒப்பிலக்கணத்தப் பத்திப் பேசும், எங்க வீட்டுல மட்டும் அவரு லேஸ் சொல்லிக்குடுத்த எலைசா அம்மாவோட வீட்டுக்காரரு.

எனக்கு சொல்லித் தந்தது எங்க பெரியம்ம. முதமுதல்ல ஒரு கைக்குட்டைக்கு நாலு பக்கமும் லேஸ் போட்டு, ஆரம்பமும் முடிவும் சந்திக்கிற எடத்துல எல்லா நூலையும் முடிச்சுப் போட்டு கச்சிதமா நறுக்கிட்டு பெருமையா கொண்டு போய்க் குடுத்தேன். அவங்க கண்ணாடியக் கூட தேடல, கண்ண மூடிக்கிட்டு பெருவெரல லேஸ் மேல வச்சு ஓரமா பைய நவுத்திட்டே வந்தாங்க, மூணு பக்கம் தாண்டி நாலாவது பக்கத்துல வெரல் நின்னுட்டு. "ஏட்டி, இங்கன என்ன எறும்புப் புத்தா?" அவ்வளவுதான் கேட்டது. அதுலேருந்து நானும் எந்த லேஸக் கையில எடுத்தாலும் முதல்ல பெருவெரல்தான் ஓடுது.

அன்னைக்கு நான் செஞ்ச தப்பு முடிச்சுல இல்ல. முடிச்சு சரியாத்தான் போட்டேன். தப்பு ஆரம்பிச்ச எடத்துல. ஒட்டு எங்க வரணும்னு முதல் குண்டூசி குத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், கடைசி நாள் உக்காந்து யோசிச்சா ஒண்ணும் நடக்காது.

சரி, எங்க ஆரம்பிக்கலாம். மூலைல வேண்டவே வேண்டாம், மூலைல ஏற்கனவே நூலெல்லாம் திரும்புற குழப்பம் இருக்கு. மூலைலேருந்து ஒரு ரெண்டு டிசைன் தள்ளிப் போங்க. வலை மாதிரி சல்லடையா இருக்க தரையிலயும் வேண்டாம், நான் செஞ்சது அதான். கிளாத் ஸ்டிச் போட்டு துணி மாதிரி அடர்த்தியா வர்ற எடம், இல்லன்னா விசிறி, எட்டுக்கால் பூச்சி மாதிரி டிசைன்ல நூல் கூட்டமா கூடுற எடம், அதுக்குப் பக்கத்துல ஆரம்பிச்சா பின்னால நூல் நுனிய ஒளிக்க எடம் கிடைக்கும். நாம ஒரே ஓட்டமா போடுற டார்ஷான் வகை லேஸா இருந்தா இன்னொண்ணும் உண்டு. குறுக்கால நேர்கோட்டுல ஆரம்பிக்காதீங்க, அட்டைல ஓட்டையெல்லாம் சாய்வா 45 டிகிரில போகும்ல, அந்தச் சாய்வுக் கோட்டப் பிடிச்சே ஒவ்வொரு ஊசியிலயும் பாபின் ஜோடிய மாட்டிட்டுப் போங்க. தரையில நூல் ஓடுறதே சாய்வாத்தான், அதனால ஒட்டும் அந்தச் சாய்வுலயே விழுந்தா கண்ணு அத டிசைன்னே நெனச்சுக்கிடும். நேரா குறுக்க விழுந்தா அங்க ஒரு கோடு கிழிச்ச மாதிரி ஆயிரும்.

ஆரம்பத்துல மாட்டுற ஜோடி, நூல் நடுவ மடிச்சு ரெண்டு முனையிலயும் பாபின் இருக்கற மாதிரி இருக்கணும், அப்பத்தான் ஊசில ஒரு வளையம் நிக்கும். கடைசில ஒட்டுப்போட நமக்கு வேணும்ங்கிறதே அந்த வளையம்தான். முடிச்சுப் போட்டு ஆரம்பிச்சீங்கன்னா வளையம் கிடையாது, வளையம் இல்லன்னா குரோஷா கொக்கிய எங்க விடுவீங்க. ஆரம்ப வரிசையில குத்துன குண்டூசிய கடைசி வரைக்கும் எடுக்காதீங்க, தலைவரைக்கும் தலகாணிக்குள்ள அமுக்கி விட்டு மேல ஒரு துணியப் போட்டு மூடிருங்க. எங்க பக்கம் உப்புக் காத்து, இரும்புக் குண்டூசின்னா பத்து நாள்ல துருப்பிடிச்சு வெள்ள நூல்ல காவிக் கறை வந்துரும், எத்தன தடவ துவைச்சாலும் போகாது. பித்தள ஊசி வாங்குங்க, காசு கூடத்தான், என்ன செய்ய.

இப்ப முக்கியமான வேலைக்கு வாரேன். ஒரு பாகத்த இன்னொரு பாகத்தோட சேக்கிறதுக்கு லேஸ்ல எல்லாத்துக்கும் அடிப்படை ஒரே ஒரு வித்தைதான், கொக்கி போட்டு இழுக்கிறது. இது கைக்கு வந்துட்டா மிச்சமெல்லாம் அதோட பிள்ள குட்டிங்கதான்.

வேணுங்கிறது ஒரு சன்னமான குரோஷா ஊசி, 0.6 மில்லிமீட்டர் போதும், நூல் ரொம்ப மெலிசா இருந்தா 0.4. சேக்க வேண்டிய எடத்துல இருக்கற குண்டூசிய மட்டும் உருவுங்க, ஒரு ஊசிதான், பக்கத்து ஊசியத் தொடாதீங்க. ஊசி இருந்த எடத்துல சின்னதா ஒரு வளையம் வாயத் தெறந்துட்டு இருக்கும். அதுக்குள்ள கொக்கிய மேலருந்து விட்டு, சேக்கப்போற ஜோடில ஒரு நூல மட்டும் பிடிங்க. பிடிச்சதும் பாபின லேசா பின்னால இழுத்து நூல விறைப்பா வச்சுக்கிடணும், நூல் தொளதொளன்னு இருந்தா கொக்கிலேருந்து நழுவிரும். இப்ப கொக்கிய வெரலுக்கிடையில கொஞ்சம் திருப்பி, வாய் கீழ பாக்கற மாதிரி வச்சு மேல கொண்டு வாங்க. திருப்பாம இழுத்தா வளையத்தோட நூலையும் சேத்துக் கடிச்சுக்கிட்டு வரும், அதை விடுவிக்கிறதுக்குள்ள நூல் பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சிரும். மேல வந்த நூல பாபின் நுழையற அளவுக்கு இழுத்து ஒரு கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள்ள ஜோடியோட இன்னொரு பாபின வால்பக்கம் முதல்ல விட்டு வெளிய எடுங்க. இப்ப ரெண்டு பாபினையும் சேத்துப் பிடிச்சு பைய இழுத்தா கண்ணி சுருங்கி அப்படியே ஓரத்துக்குள்ள எறங்கிரும். உருவுன குண்டூசிய திரும்ப அதே எடத்துல குத்துங்க. அவ்வளவுதான் ஒரு கொக்கி.

எழுதிப் படிக்கத்தான் இம்புட்டு நேரம், கை பழகிட்டா கண்ணு இமைக்கிற நேரம்தான். ஆனா பழகுறவரைக்கும் ஃபேன நிப்பாட்டிருங்க. ஆனி ஆடில ராதாபுரம் பக்கம் காத்தாடி சுத்துற காத்துல ஜன்னலத் தெறந்து வச்சுட்டு இந்த வேலைக்கு உக்காந்தீங்கன்னா, இழுத்த கண்ணி பறந்து பக்கத்து பாபின்ல மாட்டிக்கிட்டு, சவம், வாயில நல்ல வார்த்தையே வராது. வெள்ள நூல் கண்ணுக்குப் பிடிபடலன்னா அட்டை மேல நீலக் கலர்ல ஒட்டுற தாள் ஒண்ண ஒட்டிட்டு அதுக்கு மேல வேலை செய்யுங்க, வளையம் பளிச்சுன்னு தெரியும்.

கொக்கிய எங்க விடுறதுங்கிறதுலயும் ரெண்டு விதம் இருக்கு. வளையத்தோட முழு வாய்க்குள்ள விட்டு ஓரம் பூராவையும் சேத்துப் பிடிச்சா ரெண்டு பாகமும் பக்கத்துல பக்கத்துல சமதளமா படுத்துக்கிடும், சாதாரணமா இதான் போதும். ஓரத்துல மேல ஓடுற ஒத்த நூலுக்கு அடியில மட்டும் விட்டுப் பிடிச்சா, புதுப் பாகம் பழசு மேல கொஞ்சம் ஏறி உக்காரும், இலை நரம்பு மாதிரி புடைப்பா தெரியணும்னா இத செய்வாங்க. இங்கிலாந்துல டெவன் பக்கத்து ஹொனிட்டன் லேஸ்ல இந்த புடைப்பு வேலை ரொம்ப பேர் போனது. அதுல பூ தனியா இலை தனியா செஞ்சு பெறகு சேக்கிறாங்க, நம்ம டார்ஷான் மாதிரி ஒரே ஓட்டமா ஓடுறதில்ல. வேலை செய்யுறப்ப லேஸோட பின்பக்கம்தான் மேல பாக்கும், அதனால கொக்கி போட்ட தடமும் முடிச்சும் எல்லாம் கண்ணுக்கு முன்னால கண்றாவியா தெரியும், பயப்படாதீங்க, திருப்பிப் பாத்தா நல்லா இருக்கும்.

வளையம் ரொம்ப இறுகிப் போய் கொக்கி நுழையவே மாட்டேங்குதா, அடம் பிடிச்சு குத்தாதீங்க, நூல் அறுந்துரும். ஒரு மெலிசு தையல் ஊசில நூலக் கோத்து, ஊசிய அந்த வளையத்துக்குள்ள விட்டு அந்த உதவி நூல மடிச்சு கண்ணியா இழுத்து வைங்க, அந்தக் கண்ணில பாபின் நூல மாட்டி பின்னால இழுத்தா அது கூடவே வந்துரும்.

இதே விஷயத்த ஆரம்பத்துலயே செஞ்சு வச்சா இன்னும் சொகம். முதல் வரிசை போடுறப்பவே ஒவ்வொரு ஆரம்ப ஊசி வளையத்துலயும் தனியா ஒரு துண்டு நூல மடிச்சு விட்டுட்டு அதோட வால வெளிய தொங்க விட்டுருங்க. கடைசில அந்தக் கண்ணில முடிவு நூல மாட்டி வாலப் பிடிச்சு இழுத்தா, கொக்கியே வேண்டாம். இங்கிலீஷ்ல இத மேஜிக் த்ரெட்ங்கிறாங்க. கலர் நூல் போடுங்கன்னு சொல்லுவாங்க, நானும் ஒரு தடவ செவப்பு நூல் போட்டு வெள்ள லேஸ்ல செவப்புப் பஞ்சு ஒட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு இருந்தேன். இப்ப நான் போடுறது தங்கூஸ். உவரி பக்கம் தூண்டிலுக்குக் கட்டுவாங்கள்ல, அந்த நரம்புலயே இருக்கறதுல மெலிசு. வழுக்கிட்டு வரும், சாயம் கிடையாது, பஞ்சு கிடையாது, ஒரு சுருள் வாங்குனா ஆயுசுக்கும் காணும். ஆனா அத முன்கூட்டியே வெட்டிறக் கூடாது, இழுத்து முடிக்கிறதுக்கு முன்னாடி கத்தரி பக்கத்துல வந்துச்சுன்னா போச்சு.

கைக்குட்டை ஒட்டு முழுசா எப்படி வரும்னா, கடைசி வரிசை ஆரம்ப வரிசைய வந்து தொட்டதும் ஒவ்வொரு ஜோடியையும் அதுக்கு நேரா இருக்க ஆரம்ப வளையத்துல கொக்கி போட்டு இழுங்க. எந்த ஜோடி எந்த வளையத்துக்குங்கிறத நூல் போற திசையே சொல்லும், குழம்பிட்டா ரெண்டு அடி தள்ளி நின்னு பாருங்க, பக்கத்துல மூக்க வச்சுப் பாத்தா தெரியாது. ஒரு ஆரம்ப ஊசில ரெண்டு ஜோடி மாட்டியிருந்தா அதே வளையத்துக்கு ரெண்டு ஜோடி வரும், வரட்டும். எல்லா ஜோடியும் போட்ட பெறகுதான் முடிச்சு. வலது மேல இடது ஒண்ணு, இடது மேல வலது ஒண்ணு, திரும்ப வலது மேல இடது ஒண்ணு, மூணு. ஒரே பக்கமா ரெண்டு தடவ போட்டா அது வழுக்கிரும். இறுக்கிறதுலயும் ஒரு கணக்கு வேணும், கோபத்துல இழுத்தா அந்த எடம் மட்டும் சுருங்கி, துவைச்சதும் வாய் கோணுன மாதிரி நிக்கும்.

இப்ப நறுக்காதீங்க. இத நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன், ஒருத்தரும் கேக்கமாட்டாங்க, நானும் கேக்கல. ஒரு தடவ எங்க கோயில் ஆல்டர் துணிக்குப் போட்ட லேஸ்ல முடிச்சுக்கு ஒட்ட நறுக்கிட்டு, பெறகு தண்ணில முக்குனேன், காட்டன் நூல் நனைஞ்சதும் முடிச்சு தளந்து நாலு எடத்துல பிரிஞ்சு வந்துட்டு. நுனிய ஒரு 5 சென்டிமீட்டராவது விட்டு வச்சு, முதல்ல பச்சத் தண்ணில அலசி, ஒரு துணில விரிச்சு ஊசி குத்திக் காய வைங்க. காஞ்ச பெறகு ஒவ்வொரு நுனியையும் தையல் ஊசில கோத்து, கிளாத் ஸ்டிச் போட்ட அடர்த்தியான எடத்துல அந்த நூல் எப்படி மேல கீழ போகுதோ அதே தடத்துல ஒரு சென்டிமீட்டர் ஓட்டிட்டு அப்பதான் வெட்டணும். எல்லா நுனியும் ஒரே எடத்துல போய் முடியக் கூடாது, ஒண்ணு அங்க ஒண்ணு இங்கன்னு முன்ன பின்ன விடுங்க. லேஸ துணி ஓரத்துல தைக்கப் போறீங்கன்னா ஓரத்து நுனியெல்லாம் மடிப்புக்குள்ள போட்டுத் தச்சுரலாம், பாதி வேலை மிச்சம்.

நாடா லேஸ்னு ஒண்ணு இருக்கு, பெல்ஜியத்து புரூஜ் பக்கமெல்லாம் போடுறது, ஒரே ஒரு நாடா பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போயி தன்னத்தானே தொட்டுக்கிட்டு படம் வரையும். அங்க ஒட்டு கடைசில இல்ல, போற வழி பூரா ஒட்டுதான். நாடா பழைய வளைவப் பக்கத்துல உரசிட்டு வர்றப்ப ரெண்டுக்கும் ஊசி ஓட்டை ஒண்ணேதான். குறுக்க ஓடுற ஜோடி ஓரத்துக்கு வந்ததும் ஒரு ட்விஸ்ட் குடுத்து, அதாவது ஜோடியோட ரெண்டு நூலையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு முறுக்கி, புது ஊசி குத்தாம பழைய ஓட்டையில கொக்கி போட்டு, திரும்ப ட்விஸ்ட் குடுத்துட்டு திரும்பி வந்துரணும். வளைவோட உள்பக்கத்துல ஓட்டை கம்மியாத்தான் இருக்கும், வெளிப்பக்கம் ஜாஸ்தி, அதனால உள்ள ஒரே ஓட்டையில ரெண்டு மூணு தடவ வந்து போக வேண்டியிருக்கும். அதுல கொக்கிய ரொம்ப இறுக்குனா நாடா குடம் மாதிரி புடைச்சுக்கிடும். பூவையும் பூவையும் எட்ட வச்சு நடுவுல சேக்கணும்னா, ஒரு பூ ஓரத்துல புது ஜோடிய தொங்க விடணும், அதாவது நூல் நடுவ கொக்கில இழுத்து கண்ணியாக்கி ரெண்டு பாபினையும் அதுக்குள்ள விட்டு இறுக்கிறது, பக்கத்து வளையத்துல இன்னொரு ஜோடி, அந்த நாலு பாபினையும் சடை பின்னுற மாதிரி பின்னிட்டே போயி எதிர்ப்பூவுல கொக்கி போட்டு கட்டிருங்க. பாலம் தொங்கக் கூடாது, விறைக்கவும் கூடாது, தூரத்துக்கு சரியா இருக்கணும். இதுல அட்டைல பூ ரெண்டும் அசையாம குத்தியிருக்கான்னு முதல்லயே பாத்துக்கிடுங்க.

பாதி வழில பாபின்ல நூல் தீந்துட்டா அதுவும் ஒரு ஒட்டுதான். பிச்சிப்பூ கட்டுதப்ப நார் தீந்தா என்ன செய்வோம், புது நாரை பழசு கூடவே வச்சு ரெண்டு கண்ணி பூ சேத்துக் கட்டிட்டு பழச விட்டுருவோம்ல. ஓலைப்பெட்டி முடையறவங்களும் அப்படித்தான், புது ஓலைய பழைய ஓலை மேல சொருகி நாலு பின்னல் ரெண்டும் சேந்தே போகும். லேஸுலயும் அதேதான். புது பாபின் நூல பின்னால ஒரு ஊசில மாட்டி, பழைய நூலோட ஜோடியா வச்சு, ரெண்டையும் ஒரே நூலா நெனச்சுக்கிட்டு கிளாத் ஸ்டிச்ல ஒண்ணு ஒன்றர சென்டிமீட்டர் ஓட்டிட்டு, பழச பின்னால தள்ளி விட்டுருங்க. முடிச்சே வேண்டாம். ஆனா சல்லடைத் தரையில இத செஞ்சா ரெட்ட நூல் தடிப்பாத் தெரியும், அதனால பாபின்ல நூல் கொறையறது தெரிஞ்சதுமே அடர்த்தியான எடம் வர்றப்ப மாத்திருங்க, கடைசி சுத்து வரைக்கும் இழுத்தடிக்காதீங்க. அப்பறம், கடையில நூல் வாங்கறப்ப ஒரே நேரத்துல கூட ஒண்ணு வாங்கி வைங்க, வெள்ளைன்னு எழுதியிருந்தாலும் அடுத்த மாசம் வர்ற வெள்ள வேற வெள்ள.

நீளமா முழக்கணக்குல போட்டு வச்ச லேஸ் இருக்கு, தலகாணிலேருந்து எடுத்தாச்சு, இப்ப ரெண்டு துண்ட சேக்கணும்னா கொக்கி உதவாது. ஒரு டிசைன் அளவுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ஓட்டைக்கு ஓட்டை, பூவுக்குப் பூ சரியா உக்காருதான்னு பாத்து குண்டூசில குத்திக்கிட்டு, பூவோட ஓரத்துல அடர்த்தியா ஒரு கோடு ஓடும்ல அந்தக் கோட்டப் பிடிச்சே, லேஸ் போட்ட நூலவிட மெலிசான நூல்ல சுத்தித் தைங்க. பெறகு மேல கீழ மிஞ்சுனத கோட்ட ஒட்டி நறுக்குங்க. நேரா வெட்டித் தச்சா ரெண்டே துவைப்புல வாயப் பொளக்கும். ரெண்டு பட்டைய நீளவாக்குல சேக்கணும்னா இன்னும் எளிசு, ரெண்டோட நேர் ஓரத்துலயும் வளையம் எண்ணி ஒண்ணுக்கு ஒண்ணா ஊசி நூல்ல எடுத்துட்டே போங்க. எண்ணிக்கை ஒண்ணு தப்பிட்டா கடைசில ஒரு பட்டை நீண்டு நிக்கும், அத இழுத்துச் சரிக்கட்டலாம்னு நெனைக்காதீங்க, பிரிச்சுருங்க.

அந்த ஆல்டர் துணி லேஸ பிரிஞ்ச எடமெல்லாம் எடுத்துக் கட்டி, நுனியெல்லாம் ஓட்டி, திரும்பக் காய வச்சு பெரியம்மகிட்ட கொண்டு போனேன். இப்ப அவங்களுக்கு கண்ணு சுத்தமா மங்கிட்டு, கண்ண மூட வேண்டிய அவசியமே இல்ல. வெரல் ஓடுது, ஓடுது, ஒரு எடத்துல நின்னு ரெண்டு தடவ முன்ன பின்ன போய்ட்டு, "இங்கனதான ஒட்டு"ன்னாங்க. குனிஞ்சு பாத்தேன், அது ஒட்டு இல்ல, தரையில ஒரு ட்விஸ்ட் போட மறந்திருக்கேன். ஒட்டு அதுக்கு நாலு வெரக்கடை தள்ளி இருந்துச்சு. நான் ஆமான்னு சொல்லிட்டேன்.